காற்றூருக்கு வழி

ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வெளியே ஷிம்பாஷி போகும் நகரப் பேருந்து நிற்கும். முன்வாசலில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டியில் சில்லறையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், நிஷி அஸபு, ரொப்போங்கி என்று வரிசையாகத் தாண்டிக்கொண்டு போகும். 1967 வரை ஏறக்குறைய இதே வழியில் ஆறாம் எண் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் பேருந்தைத் தேடி ஏறுவதில்லை. சுரங்க ரயில் இருக்கும்போது எதற்கு? ஆனால் ஜப்பானிய ராக் இசையின் சரித்திரத்தில் கால்நடையாகவே பார்த்துவிடக்கூடிய பகுதி என்று ஒன்று இருந்தால், அது இந்தப் பேருந்து போகிற முதல் இரண்டு கிலோமீட்டரும் அதன் இடது பக்கத்துச் சந்துகளும்தான். ஷிபுயா, அவோயாமா, அஸபு மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருகிற முக்கோணத்துக்கு மட்சுமோட்டோ தகாஷி என்ற பாடலாசிரியர் ‘கஸேமாச்சி’ என்று பெயர் வைத்தார். தமிழில் காற்றூர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் ஒரு நிறுத்தம் எந்தத் தடத்திலும் இல்லை. இருந்தும் 1971 நவம்பர் 20 அன்று வெளியான ஓர் இசைத்தட்டைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஆட்கள் அந்த ஊருக்குப் போய் வருகிறார்கள்.

இசைத்தட்டின் பெயர் ‘கஸேமாச்சி ரோமன்’. குழுவின் பெயர் ‘ஹாப்பி எண்டோ’. 1969இல் வேறு பெயரில் கூடி, மறு வருஷம் இந்தப் பெயருக்கு மாறி, 1972 டிசம்பர் 31ஆம் தேதியோடு கலைந்துபோன நால்வர். பாஸ் கிட்டார் ஹொசோனோ ஹருஓமி, குரலும் கிட்டாரும் ஓட்டாகி எய்ச்சி, முதன்மைக் கிட்டார் சுசுகி ஷிகெரு, டிரம்ஸ் மட்சுமோட்டோ. மட்சுமோட்டோதான் பாட்டும் எழுதினார். டிரம்ஸ் வாசிக்கிறவரே குழுவின் கவிஞராகவும் இருப்பது எந்த நாட்டிலும் அபூர்வம். இந்த இசைத்தட்டு வந்தபோது நால்வரில் மூத்தவர் ஹொசோனோவுக்கு 24 வயது, சுசுகிக்கு 19. மொத்தம் மூன்றே ஆல்பம். 2007இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ஜப்பானியப் பதிப்பு, அந்நாட்டு ராக் ஆல்பங்களில் தலைசிறந்த நூறைப் பட்டியலிட்டு ‘கஸேமாச்சி ரோமன்’ ஆல்பத்துக்கு முதலிடம் கொடுத்தது. ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. மொழியைப் பற்றி நடந்த அந்தச் சண்டை உண்மையில் இடத்தைப் பற்றிய சண்டை. சொல்வதற்கு ஓர் ஊர் கிடைத்ததால்தான் இவர்களுடைய மொழி ராக்குக்குள் நின்றது. இந்தப் பேருந்துத் தடத்தில் நடந்து பார்த்தால் அது விளங்குகிறது.

முதலில் அந்தச் சண்டை. ஹாப்பி எண்டோவின் முதல் ஆல்பம் 1970 ஆகஸ்டில் வந்தது. அட்டையில் ஒரு நூடுல்ஸ் கடைப் பலகை. ‘யுதேமென்’, அதாவது வேகவைத்த நூடுல்ஸ் என்று எழுதியிருக்கும். ஆல்பத்துக்குக் குழுவின் பெயரே தலைப்பு என்றாலும், ரசிகர்கள் இன்றைக்கும் அதை ‘யுதேமென்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ‘நியூ மியூசிக் மேகசின்’ என்ற இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானிய ராக் ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்ததும் உச்சிதா யூயாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் சாதாரண ஆள் அல்ல. ‘ஃபிளவர் டிராவலின் பேண்ட்’ என்ற கனத்த ராக் குழுவை உருவாக்கி, ஆங்கிலத்தில் பாடவைத்து, கனடாவரை கொண்டுபோனவர். 1971இல் அதே இதழ் நடத்திய கலந்துரையாடலில் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. ஜப்பானிய மொழி ராக்கின் தாளத்தில் உட்காராது, உலகத்துக்குப் போக வேண்டுமென்றால் ஆங்கிலம்தான் என்பது உச்சிதாவின் கட்சி. இதை வெறும் ஆங்கில மோகம் என்று தள்ளிவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமில்லை. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் ஏராளம். மெய்யெழுத்தில் முடிந்து, டிரம் அடிபோல் விழும். ஜப்பானிய மொழியில் ஏறக்குறைய எல்லா அசையும் உயிரில் முடியும். ஒவ்வோர் எழுத்தும் ஒரே மாத்திரை கேட்கும். ஆங்கிலத்தில் மூன்று சுரத்துக்குள் முடிகிற வாக்கியம் அங்கே பத்துச் சுரத்தைத் தின்றுவிட்டு வினைச்சொல் வருவதற்காக நிற்கும். மெட்டுக்குப் பாட்டு எழுதிப் பார்த்த யாருக்கும் இந்தச் சங்கடம் புரியும்.

ஹாப்பி எண்டோ இதற்குச் சொன்ன தொழில்நுட்ப விடை ஓட்டாகியின் தொண்டையில் இருந்தது. அவர் சொல்லைச் சொல்லாகப் பாடாமல் எழுத்து எழுத்தாகப் பிய்த்தார். ஓர் உயிரை இழுத்து, அடுத்த எழுத்தைத் தாளத்துக்கு அப்பால் தள்ளி, சொல் எங்கே முடிகிறது என்று கேட்பவரைத் தேடவிட்டார். மட்சுமோட்டோ அதற்கு இடம் கொடுத்துச் சிலேடைகளாக எழுதினார். ‘ஹைகாரா ஹகுச்சி’ என்று ஒரு பாட்டு. ‘ஹைகாரா’ என்பது விறைத்த உயரக் காலர் வைத்த சட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து நூறு வருஷத்துக்கு முன்பே ஜப்பானுக்கு வந்த வார்த்தை. மேனாட்டுப் பாணியில் மினுக்குகிறவனைச் சொல்லும். ‘ஹகுச்சி’ மடையன். அதே ஒலிகளை வேறு இடத்தில் வெட்டினால், நுரையீரலிலிருந்து கக்கும் ரத்தம் என்று வரும். மேற்கைப் போர்த்திக்கொண்ட ஒருவனைக் கேலி செய்வதற்குள்ளேயே ஒரு காசநோய்க்காரனும் இருமிக்கொண்டிருக்கிறான். இந்த வேலையை ஆங்கிலத்தில் செய்ய முடியாது. குழுவின் பெயரும் இதே விளையாட்டுதான். ஜப்பானியர்கள் அந்நியச் சொற்களை எழுத ‘கதகானா’ என்று தனி எழுத்துமுறை வைத்திருக்கிறார்கள். இவர்கள் ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் முதலில் படிக்கும் ‘ஹிராகானா’ எழுத்தில் எழுதினார்கள். ‘கஸேமாச்சி ரோமன்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது. அதன் தலைப்பை உரக்கப் படித்தால் அ-இ-உ-எ-ஒ. அரிச்சுவடி! ஒரு ராக் ஆல்பத்தை இப்படி முடிக்க என்ன துணிச்சல் வேண்டும். அந்த அரிச்சுவடியின் வரிசை ஜப்பானில் பிறந்ததல்ல என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்து முறையைப் படித்ததிலிருந்து வந்த வரிசை அது. உயிர்கள் முதலில், பிறகு க, ச, த, ந என்று நகர்ந்து ம, ய, ர, வ என்று முடியும் அந்த அட்டவணையைத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி பார்த்தால் வேற்று வீடாக நினைக்க மாட்டாள்.

இது மட்டும்தான் சாதனை என்றால் ஒரே கேள்வியில் அது விழுந்துவிடும். இவர்களுக்கு முன்பே ஜப்பானிய மொழியில் மின்கிட்டாரோடு பாடியவர்கள் இல்லையா? ஏராளமாக இருந்தார்கள். 1966இல் பீட்டில்ஸ் டோக்கியோவின் புடோகான் அரங்கில் வாசித்துவிட்டுப் போன பிறகு, ‘குரூப் சவுண்ட்ஸ்’ என்ற பெயரில் எத்தனையோ குழுக்கள் கிளம்பின. டைகர்ஸ், ஸ்பைடர்ஸ், டெம்ப்டர்ஸ் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் பாடின. 1967இன் ஜப்பான் ரெக்கார்டு விருதை வாங்கியது புளூ காமெட்ஸ் குழுவின் ‘புளூ சாட்டோ’. விடை அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. காட்டுக்கும் நீரூற்றுக்கும் நடுவே நீல நிறத்தில் ஒரு மாளிகை. எந்த நாட்டுக் காடு, எந்த ஊர் ஊற்று? டைகர்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றில் அன்னப்பறவையும் மலர்மாலையும் வருகின்றன. பெரும்பாலும் தொழில்முறைக் கவிஞர்கள் எழுதிய மொழி சுத்த ஜப்பானியம். அதில் குடியிருந்த இடமோ படப்புத்தகத்து ஐரோப்பா. அதற்கு நேர் எதிரே ஜாக்ஸ் என்ற குழு 1968இல் இருண்ட, அபாரமான ஓர் ஆல்பம் போட்டது. அதுவும் ஜப்பானிய மொழியில்தான். ஆனால் அந்தப் பாட்டுகள் மனிதனின் உள்ளே நடக்கின்றன, தெருவில் நடக்கவில்லை. ஆக, 1970இல் மொழி புதிதல்ல. மொழிக்குள் ஒரு முகவரி இருந்ததுதான் புதிது.

அந்த முகவரியைத் தேடிப் போனால் முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். ஷிபுயாவிலிருந்து நிஷி அஸபுவரை ரொப்போங்கி சாலையின் மேல் தலைநகர விரைவுச்சாலை கூரைபோல மூடிக்கொண்டே வருகிறது. கீழே பகலிலும் ஒரு மங்கல். தூண்களுக்கு நடுவே பேருந்து போகும். மேலே லாரிகளின் அதிர்வு. 1964 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ஒலிம்பிக்குக்காக டோக்கியோ தன்னையே உடைத்துக் கட்டிக்கொண்டதன் தொடர்ச்சி இது. அந்த அவசரத்தில் நிஹோன்பாஷி பாலத்தின் மேலேயே விரைவுச்சாலை வந்து உட்கார்ந்தது. வாய்க்கால்கள் மூடப்பட்டன. டிராம்கள் இடைஞ்சல் என்று ஆகி, 1967இலிருந்து 1972க்குள் நகரத்துப் பெரிய தடங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பது வடக்கே மினொவபாஷியிலிருந்து வஸேதாவரை போகும் 12.2 கிலோமீட்டர் அரகாவா தடம் மட்டும். ஒற்றைப் பெட்டி, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும். போனது தண்டவாளம் மட்டுமல்ல. 1962இல் வந்த முகவரிச் சட்டம் பழைய தெருப் பெயர்களைத் துடைத்து, வட்டாரங்களுக்கு எண் போட்டது. இன்றைய நிஷி அஸபுவில் ஒரு பகுதிக்கு அப்போது கஸுமிச்சோ என்று பெயர். மூடுபனித் தெரு என்று பொருள். இப்போது அது ‘மேற்கு அஸபு’, கூடவே சில இலக்கங்கள். அவோயாமாவில் மட்சுமோட்டோ பிறந்த வீடு ஒலிம்பிக் சாலை வேலையில் போயிற்று. குடும்பம் இந்த மூடுபனித் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு அந்தப் பெயரும் போயிற்று. பதினைந்து வயதுப் பையனுக்கு வீடும், தெருவின் பெயரும், தெருவில் ஓடிய வண்டியும் அடுத்தடுத்துக் காணாமல் போயின. குண்டு விழுந்து அழியவில்லை. திருவிழாக் கொண்டாடிக்கொண்டே அழித்தார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

‘கஸேமாச்சி ரோமன்’ உறையை விரித்தால் உள்ளே டிராம் வண்டி ஒன்று வரையப்பட்டிருக்கும். ஆல்பத்தின் உயிர்நாடியான ‘கஸே ஒ அட்சுமேதே’ (காற்றைச் சேகரித்து என்பது தலைப்பின் பொருள்) பாட்டில், ஊர் ஓரத்துச் சந்து ஒன்றில் திரிகிற ஒருவன் அதிகாலை மூடுபனிக்கு இடையே டிராம் ஒன்று கடலைத் தாண்டி வருவதைக் காண்கிறான். நிறுத்தப்பட்ட வண்டிக்குத் தரையில் இடமில்லை. அதனால் அது கடல் மேல் வருகிறது. எந்த இடத்திலும் ஒலிம்பிக் என்ற சொல் இல்லை, சாலையைப் பற்றிய புகார் இல்லை. பதிவான விதமும் பாட்டுக்கேற்ற மாதிரி: கிட்டார், பாஸ், ஆர்கன் எல்லாம் ஹொசோனோவே வாசித்தார், டிரம்ஸ் மட்சுமோட்டோ, மற்ற இருவரும் அதில் இல்லை. தன் குரல் ராக் பாட உதவாது என்று நினைத்திருந்த ஹொசோனோ, ஜேம்ஸ் டெய்லரைக் கேட்ட பிறகு, தணிந்த குரலிலேயே பாடலாம் என்று துணிந்த சமயம் அது. கவனித்துக் கேட்க வேண்டியது வாக்கியங்கள் முடிகிற இடம். ஜப்பானிய ராக் பாடகன் என்றால் ‘ஒரே’ என்று முரட்டுத் தன்னிலையில் பேசி, வினையை வெட்டி முடிப்பான் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். மட்சுமோட்டோவின் ஆளோ ‘போகு’ என்று பள்ளிப் பையன் தன்னைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு, வாக்கியத்தை ‘தெஸு’ என்று மரியாதையாக முடிக்கிறான். ‘நட்சு நன்தெஸு’ என்று ஒரு பாட்டுக்குத் தலைப்பே வைத்தார்: ‘கோடைக்காலமுங்க’ என்கிற மாதிரி. லீவு முடிந்து வந்து வாத்தியாருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டுரையின் நடை அது. அந்த ஒரு விகுதி, பாடுகிறவனுக்கு வயதையும், வளர்ந்த தெருவையும், அவன் யார் முன்னால் நின்று பேசுகிறான் என்பதையும் கொடுத்துவிடுகிறது. இலக்கணத்தில் ஓர் ஊரைக் கட்டுவது என்றால் இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊரைப் பாடுவது இவர்கள் கண்டுபிடித்ததா? 1968இலேயே ஒகபயாஷி நொபுயாசு, கூலித் தொழிலாளர்கள் அடைந்து கிடந்த சான்யா பகுதியைப் பற்றிப் பாட்டுப் போட்டுப் பெயர் வாங்கினார். சான்யா அந்த மினொவபாஷி டிராம் முனையிலிருந்து நடக்கிற தூரம்தான். 1970இல் ஹாப்பி எண்டோ அதே ஒகபயாஷிக்குப் பக்கவாத்தியக் குழுவாக வாசித்திருக்கிறது. உண்மைதான். ஆனால் நாட்டார் பாணிப் பாடகர்களின் கையில் இடம் ஒரு வழக்கு. சாட்சி சொல்ல வந்த இடம். மட்சுமோட்டோவின் இடத்தில் வழக்கு இல்லை. இன்னும் கடுமையாகவும் கேட்கலாம்: அவோயாமாவிலும் அஸபுவிலும் வளர்ந்து கேயோ பல்கலைக்கழகத்தில் படித்த பையன் வீடு போனதற்கு அழுகிறான், சான்யாவில் வீடே இல்லாதவன் என்ன செய்வான்? இந்த வர்க்கக் கேள்வியை மழுப்ப முடியாது. காற்றூர் வசதியானவர்களின் ஊர்தான். ஆனாலும் குழுவுக்குள்ளேயே ஒரு வெளியூர்க்காரர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. ஓட்டாகி வடக்கே இவாதே மாவட்டத்தில் பிறந்து, டோக்கியோவுக்கு வந்தவர். தான் பார்த்தே இராத, இன்னொருவனின் சின்ன வயது டோக்கியோவை அவர் தொண்டையைக் கிழித்துப் பாடினார். கேட்ட பல்லாயிரம் பேரும் அவர் மாதிரிதான். டிராம் தடம் தெரியாதவர்கள். வேறொருவன் இழந்ததைத் தான் இழந்ததாகப் பாட முடிந்தபோதே காற்றூர் அவோயாமாக்காரர்களின் சொத்தாக இல்லாமல் போய்விட்டது.

இசை அமெரிக்கருடையதுதானே என்பது அடுத்த மறுப்பு. அதுவும் சரிதான், மறைக்க ஒன்றுமில்லை. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டையும் மோபி கிரேப்பையும் ஊசி தேயத் தேயக் கேட்டவர்கள் இவர்கள். ஆனால் அமெரிக்கா அப்போது கடல் கடந்த நாடாக இருக்கவில்லை. ஷிபுயாவிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் இன்றைய யொயோகி பூங்கா, 1960களின் தொடக்கம்வரை வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற அமெரிக்கப் படைக் குடியிருப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி, வெள்ளை வீடுகள். அமெரிக்கப் படைகளுக்கான வானொலி டோக்கியோவின் எல்லா வீட்டிலும் கேட்டது. ஒலிம்பிக்குக்காக அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலி மேற்கே தள்ளிப் போயிற்று. குழு கலைந்ததும் ஹொசோனோவும் அந்த வேலியைத் தேடிக்கொண்டு போனார். இகெபுகுரோவிலிருந்து செய்பு ரயிலில் இனாரியாமா கோயென் நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் விமானப்படைத் தளம், மறு பக்கம் பைன் மரங்கள் நிறைந்த பூங்கா. அமெரிக்கர்கள் இருந்த காலத்தில் அதை ஹைட் பார்க் என்றார்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போன மரவீடுகளைச் சல்லிசான வாடகைக்குப் பாட்டுக்காரர்களும் ஓவியர்களும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே பதிவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கி, 1973இல் ஹொசோனோ தன் முதல் தனி ஆல்பத்தைப் போட்டார். பெயர் ‘ஹொசோனோ ஹவுஸ்’. ஓட்டாகியும் இன்னொரு விமானத்தளத்துப் பக்கம், ஃபுஸ்ஸா வட்டாரத்தில் குடியேறி அங்கேயே ஸ்டுடியோ வைத்துக்கொண்டார். வாடகைக்கு எடுத்த வீடு என்று தெரிந்தே குடியிருந்தார்கள். இரவல் இசையிலும் அப்படித்தான் இருந்தார்கள். இதற்கு முன்பே, 1972இல், நால்வரும் நிஜ அமெரிக்காவுக்கே போய் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் வந்து வாசித்தார். வான் டைக் பார்க்ஸ் வந்து, கடைசிப் பாட்டைச் சேர்ந்து செய்தார். அதன் தலைப்பு, அமெரிக்காவுக்கும் விடை, ஜப்பானுக்கும் விடை என்று பொருள்படும். நகல் எடுக்க வந்தவர்கள் மூலத்துக்கு விடை சொல்ல மாட்டார்கள். (ஹொசோனோவின் தாத்தாவுக்கும் ஒரு மேல்நாட்டுப் பயணக் கதை உண்டு. டைட்டானிக் கப்பலில் இருந்த ஒரே ஜப்பானியர் அவர். உயிரோடு திரும்பியதற்காகச் சொந்த நாட்டில் ஏச்சு வாங்கினார்.)

சரி, அன்றைக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அதிகமில்லை. முதல் இரண்டு ஆல்பங்களையும் வெளியிட்டது உறுப்பினர்களுக்குத் தட்டு அனுப்புவதில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம். பின்னாளில் விமர்சகர்கள் கட்டிய கோயில் இது என்று சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் விமர்சகர்கள் தேடிப் போவதற்கு முன்பே காற்றூர் வானொலிப் பெட்டிகளுக்குள் புகுந்துவிட்டது; பெயர்ப்பலகை மட்டும்தான் இல்லை. மட்சுமோட்டோ டிரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு ஜனரஞ்சகப் பாடலாசிரியர் ஆனார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். 1975இல் ஓட்டா ஹிரோமி பாடிய ‘மொமென் நோ ஹேங்கர்ச்சீஃப்’ ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும்: பட்டணத்துக்குப் போனவனும் ஊரில் இருப்பவளும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதுகிறார்கள், அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டணமாகிறான், கடைசியில் அவள் கேட்பது கண்ணீர் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை. ஊர் மனிதனைத் தின்னும் கதையை மூன்று நிமிஷப் பாட்டில் வைத்து, லட்சக்கணக்கில் விற்கவும் செய்தார். 1980இல் மட்சுமோட்டோவின் தங்கை இறந்தபோது, அவர் பாட்டெழுத வேண்டியிருந்த தன் ஆல்பத்தை ஓட்டாகி தள்ளிவைத்துக் காத்திருந்தார். துக்கத்தில் ஷிபுயாவில் நடந்தபோது தெரு நிறமற்றுப்போனதாகப் பட்டது என்று மட்சுமோட்டோ பிறகு சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்த பாட்டோடு 1981 மார்ச்சில் வந்த ‘எ லாங் வெகேஷன்’ பத்து லட்சத்தைத் தாண்டிப் போயிற்று. அடுத்த ஆண்டு உலகத்தில் முதன்முதலாகக் கடைக்கு வந்த சிடிகளில் அதுவும் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் கடற்கரை, வெயில், விடுமுறை. அடியில் அதே நிறமற்ற ஷிபுயா.

ஹொசோனோ வேறு பக்கம் போனார். 1978இல் சகமோட்டோ ரியூய்ச்சி, தகஹாஷி யுகிஹிரோ இருவரையும் சேர்த்துக்கொண்டு ‘யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா’ தொடங்கி, கணினி இசையோடு உலகம் சுற்றினார். அதே ஆண்டு ஓவியர் யொகோ தடனோரியோடு இந்தியா வந்து, வயிறு கெட்டுப் படுத்து, திரும்பிப் போய்ப் போட்ட ஆல்பம் ‘கொச்சின் மூன்’. இல்லாத ஓர் இந்தித் திரைப்படத்துக்குப் போட்ட இசை என்று அதைச் சொல்வார்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பு ‘மதராஸ் தூதரகத் தலைவரின் மனைவி’. அவர் பார்த்த மதராஸும் காற்றூர் மாதிரிதான்: பாதி ஊர், பாதி காய்ச்சல்.

உச்சிதாவின் கட்சிக்குத் திரும்புவோம். உலகத்துக்குப் போக ஆங்கிலம் வேண்டும் என்றாரே. தன் காலத்துக்கு அவர் சொன்னது பொய்யில்லை. ஃபிளவர் டிராவலின் பேண்ட் 1971இல் போட்ட ‘சடோரி’ ஆல்பத்தைக் கனத்த இசைப் பிரியர்கள் இன்னும் தேடிக் கேட்கிறார்கள். ஆனால் அதில் சொற்கள் சொற்பம். பாய்ந்து போனது கிட்டார்தான். இங்கே ‘கஸே ஒ அட்சுமேதே’ 2003இல் சோஃபியா கொப்போலாவின் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ படத்தில் ஒலித்தது. டோக்கியோ ஓட்டல் ஒன்றில் வழி தெரியாமல் தவிக்கும் இரண்டு அமெரிக்கர்களைப் பற்றிய படம். ஒரு சொல்கூடப் புரியாத கேட்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2022இல் ஹேரி ஸ்டைல்ஸ் தன் ஆல்பத்துக்கு ‘ஹேரிஸ் ஹவுஸ்’ என்று பெயர் வைத்து, ‘ஹொசோனோ ஹவுஸ்’தான் அதற்குத் தூண்டுதல் என்றார். மொழி கடக்கவில்லை, மொழிபெயர்க்கவும் இல்லை. பாடுகிறவன் ஏதோ ஓர் ஊரில் நின்றுகொண்டு பாடுகிறான் என்பது மட்டும் கடந்து போயிருக்கிறது. அன்னமும் நீல மாளிகையும் அப்படிப் போகவில்லை.

பேருந்தை நிஷி அஸபு சந்திப்பில் விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பினால் கயென் மேற்குச் சாலை. வலப்புறம் அவோயாமா இடுகாட்டின் மரங்கள். ஏற்றம் ஏறி அவோயாமா சாலையைக் கடந்து, துணிக்கடைகளையும் சிறு கண்காட்சிக் கூடங்களையும் தாண்டினால் ஒலிம்பிக்குக்கான சாலைகள் எங்கே வந்து சேர வேண்டுமோ அங்கே, தேசிய விளையாட்டரங்கத்தில், வந்து சேர்கிறது. 1964இல் தீபம் ஏற்றிய பழைய அரங்கம் இதே இடத்தில்தான் இருந்தது. 1985 ஜூன் 15 அன்று நடந்த ஒரு பெரிய இசை விழாவில், கலைந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, ஹாப்பி எண்டோவின் நால்வரும் அங்கே மேடை ஏறினார்கள். பழைய பாட்டுகளைப் பழையபடி வாசிக்கவில்லை. சின்தசைசர் ஒலிகளைப் போட்டு, ‘கஸே ஒ அட்சுமேதே’ பாட்டையே அடையாளம் மாற்றினார்கள். பல ரசிகர்களுக்கு அது இன்றும் ஒரு குறை. ஏக்கத்தைக் காட்டிக் காசு பார்க்க எளிதான வாய்ப்பு கையில் இருந்தும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஓட்டாகி 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். 2015இல் அரங்கத்தை இடித்து, இன்னொரு ஒலிம்பிக்குக்காக மரச்சட்டம் வேய்ந்த புது அரங்கம் கட்டினார்கள். அந்த ஒலிம்பிக் முடிந்த 2021 நவம்பரில், மட்சுமோட்டோ பாட்டெழுத வந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடும் நிகழ்ச்சியில், மிச்சமிருந்த மூவரும் புடோகானில் சேர்ந்து வாசித்தார்கள். அதுவும் 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிகளுக்காகக் கட்டிய கட்டடம்தான்.

அரங்கத்தின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால், வந்த சாலை அவோயாமாவை நோக்கிப் போவது தெரிகிறது. ஆறு மணிக்கு மேல் அதில் டாக்சிகள்தான் அதிகம். திரும்பி நடந்து நிஷி அஸபு சந்திப்புக்கு வந்தால் ஷிபுயா போகும் பேருந்து கிடைக்கும். அங்கே இருக்கும் வயதான கடைக்காரர்கள் சிலர் அந்தச் சந்திப்பை இன்னும் கஸுமிச்சோ என்றுதான் சொல்கிறார்கள்.